அம்பத்தூர் மேல் விழாத ஸ்கைலாப்

அக்கா மகள் கல்யாணத்துக்காக ஈப்போவிலிருந்து அம்பத்தூருக்குப் போயிருந்தேன். எழுபத்தொன்பதாம் ஆண்டு, ஜூலை மாதம். போன இடத்தில் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வானத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

என்னை அழைத்துப் போக மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வந்திருந்தார் அத்தான், அதாவது அக்காவின் கணவர். "வா மச்சான், நல்லாகீறியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மேலே ஒரு பருந்து சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் டைம் கீது," என்றார்.

"எதுக்கு அத்தான்?"

"ஸ்கைலாப் உழறதுக்கு."

ஸ்கைலாப் என்பது அமெரிக்கா சில ஆண்டுகளுக்கு முன் மேலே அனுப்பிய விண்கூடம். ஒரு வீட்டளவு பெரியது. உள்ளே ஆள் கிடையாது. வேலை முடிந்து, பிடி தளர்ந்து, பூமியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எப்போது விழும், எங்கே விழும் என்று அனுப்பியவர்களுக்கே தெரியவில்லை. ஈப்போவில் நாங்களும் பேப்பரில் படித்தோம். படித்துவிட்டு, அது விழும் தேதியை உத்தேசித்து நாலு நம்பர் லாட்டரி கட்டினோம். அத்தோடு எங்கள் கவலை தீர்ந்தது. அம்பத்தூரில் அப்படித் தீரவில்லை. அந்தச் சாமான் நேராகத் தங்கள் தெருவுக்கே வருகிறது என்று அவர்கள் நம்பினார்கள். இவ்வளவு பெரிய உலகத்தில் அமெரிக்கப் பொருள் ஒன்று தங்களைத் தேடி வருவதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் என்று அங்கே சொல்லும் தொழிற்பேட்டையில் சைக்கிள் உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். பெற்றோர் வைத்த பெயர் கோதண்டம். அது ராமர் கையில் இருக்கும் வில்லின் பெயர் என்று யாரோ சொன்ன அன்றே அறிவழகன் என்று மாற்றிக்கொண்டார். வீட்டு வாசலில் பலகையும் மாட்டினார். அதனால் தெருவில் வழி கேட்டால், "அறிவழகன்னு போர்டு போட்டுகினு கீதே, அந்தக் கோதண்டம் ஊடா?" என்பார்கள். மகளுக்கு அவர் வைத்த பெயர் அணுச்செல்வி. அணுசக்தி வந்தால் ரேஷன் அரிசிக்கு வரிசை இருக்காது என்று அவர் உறுதியாக நம்பிய காலத்தில் பிறந்தவள்.

சென்ட்ரலிலிருந்து லோக்கல் ரயிலில் போனோம். என் பெட்டி ஒரு பக்கமும் நான் இன்னொரு பக்கமும் ஏறினோம். பெரம்பூர் தாண்டியபிறகுதான் நாங்கள் இருவரும் ஒன்று சேர்ந்தோம். பக்கத்தில் நின்ற கீரைக்காரி, தன் கூடையின்மேல் என் பெட்டி வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, "இன்னாய்யா, ஸ்கைலாப் மாரி வந்து உழற!" என்றாள். ரயில் பெட்டி முழுதும் சிரித்தது. பயப்படுகிற ஜனங்கள் இவ்வளவு நன்றாகச் சிரிப்பார்களா என்று யோசித்தேன்.

அக்கா வடகறியும் இட்லியும் வைத்தாள். ஈப்போ இட்லியைச் சுவரில் எறிந்தால் சுவர் உடையும். இது விரல் பட்டதும் விட்டுக்கொடுத்தது. நான் ஆறாவது இட்லியில் இருக்கும்போது அத்தான் முன் அறையைக் காட்டினார். அதுதான் விஞ்ஞான விழிப்பு மன்றம். அவர் தலைவர். ஞாயிறு தோறும் எஸ்டேட் தொழிலாளர்கள் சிலர் கூடி, பத்திரிகையில் வந்த விஞ்ஞானக் கட்டுரை ஒன்றை உரக்கப் படிப்பார்கள். முடிவில் எல்லோரும் கையை உயர்த்தி, "நம்பாதே! சோதித்துப் பார்!" என்று மூன்று முறை சொல்வார்கள். அவர்கள் எதையும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சோதிக்க நேரம் ஏது? சொல்லவே நேரம் சரியாக இருந்தது.

சுவரில் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவரின் படம். அதற்கு மாலை. கீழே ஒரு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"யார் அத்தான் இது?"

"பெரிய விஞ்ஞானி. மூர் மார்க்கெட்ல வாங்கினேன்."

"பெயர்?"

"கீழே எழுதியிருந்திச்சி. கரையான் துன்னுடுச்சி. ஆனா மூஞ்சப் பாத்தாலே தெரியுதே."

"ஊதுபத்தி?"

"கொசுவுக்கு," என்றார் சட்டென்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே ஈப்போவில் எங்கள் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்து அடங்கியது. நான் அங்கே விஞ்ஞான ஆசிரியர். சரஸ்வதி பூஜையன்று எங்கள் மைக்ராஸ்கோப்புகளுக்கு நெற்றி இல்லை என்பதால் லென்ஸுக்குப் பக்கத்தில் சந்தனம் வைப்போம். அப்புறம் ஒரு வாரத்துக்கு எல்லாக் கிருமியும் மஞ்சளாகத் தெரியும்.

மறுநாள் நான் கொண்டு போயிருந்த பரிசைப் பிரித்தேன். ஷார்ட் வேவ் வைத்த டிரான்சிஸ்டர். அது என்னைப் படுத்தப் போகும் பாடு தெரிந்திருந்தால் பிஸ்கட் டின்னோடு நிறுத்தியிருப்பேன். ரேடியோவில் வெளிநாட்டு ஆங்கிலச் செய்தி கரகரத்ததும் அத்தான் வாசலுக்கு ஓடி, "வாங்கடா, லண்டன் பேசுது!" என்று தெருவைக் கூப்பிட்டார். முதலில் வந்தவர் எதிர்வீட்டுத் துலுக்காணம். சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவர். தன் ஓட்டு வீட்டுக் கூரைமேல் பழைய லாரி டயர்களை அடுக்கிவைத்துவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தார். ஸ்கைலாப் அதில் பட்டால் குதித்து அடுத்த தெருவுக்குப் போய்விடுமாம்.

"சயின்டிபிக்கா கரெக்ட்," என்றார் அத்தான். "ரப்பர் ஷாக்கை வாங்கிக்கும்."

"அடுத்த தெருக்காரங்க?" என்று கேட்டேன்.

"அவங்க டயர் வாங்கணும்," என்றார் துலுக்காணம்.

செய்தி வந்தது. ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: எங்கே விழும் என்று இப்போதே சொல்ல முடியாது, மனிதர் யாருக்கும் அடிபடும் வாய்ப்பு மிகவும் குறைவு. நான் எழுந்து நின்று தமிழில் சொன்னேன். கூட்டம் கேட்டுக்கொண்டு கலைந்தது. நான் சொன்னது என்னவானது என்பதைக் காது கொடுத்துக் கேட்டேன். வாசல்படியில் ஒருவர், "வாய்ப்பு குறைவாம்" என்றார். பம்ப் அருகே இன்னொருவர், "வாய்ப்பு கீதாம்" என்றார். தெருமுனை டீக்கடையை அடைந்தபோது, "உழப்போவுதுன்னு லண்டன்லயே சொல்லிட்டான்பா, மலேயாக்காரர் கேட்டாரு" என்று ஆகியிருந்தது. டீக்கடைக்காரர் அன்று முதல் எனக்கு ஸ்பெஷல் டீ கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். பூசாரிக்குத் தட்சிணை மாதிரி.

அதற்கு ஒரு வருடம் முன்பு பினாங்கில் ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. சமூகவியல் சொல்லவந்த விரிவுரையாளர் ஒருவர், "விஞ்ஞானமும் சமூகத்தில் ஒரு நம்பிக்கை முறையாகத்தான் வாழ்கிறது. ஆய்வுக்கூடத்தில் நாலு பேர் சோதிக்கிறார்கள். மற்றவர்கள் சோதிப்பதில்லை, சொல்கிறவரைப் பார்த்து நம்புகிறார்கள்," என்றார். நான் எழுந்து சண்டை போட்டேன். பூமி சூரியனைச் சுற்றுவது நம்பிக்கையா என்று கேட்டேன். "நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்றார். "பாடப் புத்தகத்தில் இருக்கிறது," என்றேன். வகுப்பு ஏன் சிரித்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை. அம்பத்தூர் டீக்கடையில் ஓசி டீ குடித்துக்கொண்டிருந்தபோது கொஞ்சம் புரிந்தது.

அடுத்த நாள் அத்தான் குண்டைப் போட்டார்.

"கல்யாணத்தைத் தள்ளி வெக்கலாம்னு கீறேன்."

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னா சொல்றீங்க?"

"அது உழற வாரமும் முகூர்த்த வாரமும் ஒண்ணா கீது. மண்டபத்துல நானூறு பேரு. மேல ஆஸ்பெஸ்டாஸ். ஒரு துண்டு வந்து உழுந்தா?"

"இது ஆனியில கடைசி முகூர்த்தம். அப்பால ஆடி. ஆடியில யாரு கல்யாணம் பண்ணுவா?"

"ஆடி இன்னா, ஆவணி இன்னா. அதெல்லாம் மூடநம்பிக்கை. இது விஞ்ஞானம்."

மாப்பிள்ளை குமரேசனுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை. ஆடி பிறந்ததும் அவனை வடக்கே ஒரு வருடப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். தள்ளினால் ஒரு வருடம் தள்ளும். ஒரு வருடத்தில் என்னென்னவோ நடக்கும். அணுச்செல்வி அடுப்படி வாசலில் நின்று எல்லாம் கேட்டாள். எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருக்கிறாள். பேசுவது குறைவு. அன்று பேசினாள்.

"எங்க ஆபீஸ் இங்கிலீஷ் பேப்பர்ல நான் படிச்சேன் நைனா. யார் தலையிலயும் விழ சான்ஸே ரொம்பக் கம்மியாம். மாமாவும் அதைத்தானே சொன்னாரு?"

"பொட்டப் புள்ள உனக்கு இன்னா தெரியும் சயின்ஸைப் பத்தி?" என்றார் நம்பாதே சோதித்துப் பார் மன்றத்தின் தலைவர்.

சம்பந்தியிடம் நேரில் பேசுவதென்று முடிவாயிற்று. அவர் ஊரான காட்டுப்பாக்கத்துக்கு நானும் போனேன். பூந்தமல்லி பஸ் வேலப்பன்சாவடியில் இருமி இருமி நின்றது. டிரைவர் இறங்கி எஞ்சின் முன்னால் ஒரு கற்பூரம் கொளுத்தினார். அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாபா, இஞ்சினுக்குக் கற்பூரம் காட்னா ஓடுமா? இந்தியா எப்படி உருப்படும்?"

கண்டக்டர் ஒரு ஸ்பேனரைக் கொண்டுவந்து எஞ்சினின் ஓர் இடத்தில் மூன்று தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பியது.

"பாத்தியா? அதான் மெக்கானிக்ஸ்," என்றார் அத்தான்.

"எதற்கு மூன்று தட்டு, அத்தான்? ஒன்று போதாதா?"

"மூணு தட்டணும் மச்சான். அதுதான் முறை."

சம்பந்தி ஏகாம்பரம் காட்டுப்பாக்கத்தின் பழைய விவசாயக் குடும்பம். பாதி நிலத்தை ஷெட் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டு, மீதியில் கீரையும் கத்திரியும் போட்டுக்கொண்டு, மாவு மில் ஒன்று நடத்திவந்தார். நெற்றி நிறைய விபூதி. ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் பஞ்சாங்கம். கல்யாணம் பேசும்போது இரண்டு பேருக்கும் ஒப்பந்தம்: நாள் அவர் பஞ்சாங்கம், மேடை இவர் மன்றம். ஐயர் வேண்டாம், ஆனால் ராகுகாலத்தில் தாலி கூடாது. நாகரிகமான ஏற்பாடு. இந்தியாவும் பாகிஸ்தானும் வந்து படித்துப் போகலாம்.

நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். ஈப்போவில் கோழி குளிர்பெட்டியிலிருந்து வருகிறது. குழம்பில் அதன் விறைப்பு போகாது. இது அன்று காலை வரை அந்த வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அத்தானுக்கு இறங்கவில்லை. பாதி சாப்பாட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

ஏகாம்பரம் கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாக உட்கார்ந்தார்.

"சம்மந்தி, எட்டு கிரகம் ஒண்ணா கூடுது, ஒலகம் அழியப் போவுதுன்னு சொன்னாங்களே, ஞாபகம் கீதா?"

அத்தான் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

"நாங்கல்லாம் ஊட்டுக்குள்ளாற பூஜை பண்ணிகினு குந்தியிருந்தோம். நீங்க பூந்தமல்லி கடைத்தெருவுல மேடை போட்டீங்க. ஒரே தட்டுல எட்டு இட்லி வெச்சிகினு, 'தோ, எட்டும் கூடிடுச்சி, இன்னா ஆச்சி?'ன்னு கேட்டு ஒண்ணொண்ணா துன்னீங்க. அப்பால நானும் வந்து கூட்டத்துல நின்னு பாத்தேன். வெக்கமா போச்சி எனக்கு. அன்னிக்கு எட்டுக்கும் பயப்படாத மனுசன் இன்னிக்கு ஒண்ணுக்கு ஓடறீங்களே!"

"அது ஜோசியன் சொன்னது. இது சயின்டிஸ்ட் சொல்றது."

"ஜோசியன் எங்க ஊருக்காரன். பொய்யா போனா போய் சட்டையப் புடிப்பேன். ஒங்க ஆளு சட்டைய யாரு புடிக்கறது?"

"அவன் கணக்குப் போட்டுச் சொல்றான்!"

"ஜோசியனும் கணக்குதான் போட்டான் சம்மந்தி. எனக்கு அதுவும் புரியல, இதுவும் புரியல. ஒங்களுக்கு?"

அத்தான் எழுந்துவிட்டார். ஏகாம்பரமும் எழுந்தார். குரல் மாறியிருந்தது. "குறிச்ச முகூர்த்தத்தை மாத்தினா எங்க குடும்பத்துக்கு ஆவாது. மாத்தணும்னா சொல்லிடுங்க. பையனுக்கு வேற எடம் பாத்துக்கறோம்."

உள்ளே குமரேசன் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பெற்றவர்கள் இருவரும் வானத்துக்காகச் சண்டை போட்டுக்கொள்ள, தரையில் நின்றவன் அவன் ஒருவன்தான்.

கடைசியில் அத்தான் ஒரு வழி சொன்னார். "நாளைக்குக் காலையில ரேடியோவுல இன்னா சொல்றான்னு கேப்போம். மச்சான் கேட்டுச் சொல்லட்டும். ஆபத்து இல்லன்னா கல்யாணம். ஆபத்துன்னா தள்ளி வெக்கறோம், இல்ல, நீங்க ஒங்க வழியப் பாத்துக்குங்க." ஏகாம்பரம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, மலேயா தம்பி வாயில இன்னா வருதோ அது," என்றார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை என் ஆங்கிலத்தின்மேல் வைத்துவிட்டு இருவரும் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன அணுச்செல்வி என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, நாளைக்கு ரேடியோவுல இன்னா வந்தாலும், இந்தியா மேல விழாதுன்னு சொல்லிடுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நெசத்தை நான் சொன்னேன், யாரும் கேக்கல. நீங்களும் சொன்னீங்க, தெருமுனைக்குப் போறதுக்குள்ள அது வேற ஆயிடுச்சி. பொய்யாவது முழுசா போய்ச் சேருதான்னு பாப்போம்."

"நான் சயின்ஸ் வாத்தியார் அணு."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். வேற யாரு சொன்னாலும் எங்க நைனா நம்பமாட்டாரு."

அவள் அழவில்லை. காய்ந்த சட்டைகளை உதறி மடித்து என் கையில் வரிசையாக வைத்தாள். அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

காலையில் தெரு முழுக்க வந்துவிட்டது. துலுக்காணத்தின் தலையில் பித்தளைக் குண்டான் ஒன்று கவிழ்ந்திருந்தது. ஏகாம்பரம் மகனோடு காட்டுப்பாக்கத்திலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அத்தான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ரேடியோவைத் தாடிக்காரர் படத்துக்கு நேர் கீழே வைத்திருந்தார். புதிதாக ஊதுபத்தி ஏற்றியிருந்தார்.

செய்தி வந்தது. கரகரப்புக்கு நடுவே அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது இதுதான்: இறங்கும் பாதை உலகின் பல நாடுகளுக்கு மேலாகப் போகிறது, எங்கே விழும் என்று கடைசி நேரம் வரை உறுதியாகச் சொல்ல இயலாது. உலகத்திலேயே நேர்மையான வாக்கியம் அது. எங்களுக்குத் தெரியாது என்று, பெரிய பெரிய கருவிகளை வைத்திருந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மையைத் தமிழில் சொல்லியிருந்தால் அணுச்செல்வியின் கல்யாணம் அன்றே நின்றுபோயிருக்கும்.

நான் எழுந்தேன். தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

"கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். இந்தியாவுக்கு ஆபத்து இல்லை. கடலில்தான் விழும்."

"எந்தக் கடலு?" என்றார் அத்தான்.

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன். "இந்தியப் பெருங்கடல்."

துலுக்காணம் குண்டானைத் தூக்கினார். "இந்தியப் பெருங்கடலா? அதுல இந்தியா கீதே!"

"பேருதாம்பா இந்தியா. தண்ணி எல்லாருக்கும் பொது," என்று அத்தான் அதட்டினார். அவர் முகத்தில் ஒரு வாரமாக இருந்த இறுக்கம் என் கண்முன் கரைந்தது. என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. யார் கணக்கு, என்ன கணக்கு, நேற்று வரை தெரியாதது இன்று எப்படித் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. "கேட்டுக்கினீங்களா சம்மந்தி? சயின்ஸ் சொல்லிட்டுது!" என்றார். ஏகாம்பரம், "நான் ஒரு மாசம் முன்னாடியே பஞ்சாங்கத்துல பாத்துட்டேன்," என்றார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். அணுச்செல்வி எனக்குக் காபி கொண்டுவந்தாள். அதில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சர்க்கரை இருந்தது.

அன்று நான் சொன்னது மட்டும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. டீக்கடையில் கேட்டேன். "இந்தியப் பெருங்கடல்ல உழுதாம்." அப்படியே இருந்தது.

பிறகு இருந்தது ஒரே பயம். எனக்கு. தெருவில் எல்லோரும் நிம்மதியாகத் திரிந்தார்கள். துலுக்காணம் டயர்களை இறக்கி விற்றுவிட்டார். நான் ஒருவன் மட்டும் மாடிக்குப் போய்ப் போய் அண்ணாந்து பார்த்தேன். ஒரு துண்டு, ஒரு ஆணி இந்தப் பக்கம் விழுந்தால்? டயரை இறக்கிய ஓட்டின்மேல் விழுந்தால்? ஆகாய விமானத்தின் சத்தம் கேட்டாலே சுவரோரம் ஒதுங்கினேன். அக்கா வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். மீன் என்னையே பார்ப்பதாகப் பட்டது.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்தின் சமையல்கட்டில் நின்றபடி ரேடியோவைத் திருப்பினேன். விழுந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலில். சில துண்டுகள் அதைத் தாண்டி ஆஸ்திரேலியாவில், ஆளில்லாத பக்கம் சிதறியிருந்தன. யாருக்கும் அடியில்லை. நான் ஒரு சாக்கு உருளைக்கிழங்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். சமையல்காரர், "இன்னா சார், மயக்கமா?" என்று நீர்மோர் கொடுத்தார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கரண்டியை நிறுத்தவே இல்லை. "அதான் அன்னிக்கே சொன்னாங்களாமே, ஊரே பேசிக்கிதே," என்றார்.

தாலி கட்டுவதற்கு முன் மன்றத்தார் பேசினார்கள். ஐயர் வந்திருந்தால் மந்திரம் அரைமணியில் முடிந்திருக்கும். முன் வரிசையில் ஏகாம்பரம் கடிகாரத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டியதால், நாலாவது பேச்சாளரின் பாதிப் பேச்சில், ராகுகாலம் தொடுவதற்குள் குமரேசன் தாலியைக் கட்டினான். அணுச்செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஒரு கணம் நான் செய்தது சரி என்று தோன்றியது. அடுத்த கணம் அத்தான் மைக்கைப் பிடித்தார்.

"ஜோசியம் என்னிக்காவது எடத்தோட பேரைச் சொல்லிருக்குதா? விஞ்ஞானம் சொல்லிச்சி! ரெண்டு நாளு முன்னாடியே கடலோட பேரைச் சொல்லிச்சி! எம் மச்சான் காதால கேட்டாரு!"

கை தட்டினார்கள். எனக்கு ஒரு மாலை விழுந்தது. தாடிக்காரர் படத்துக்குப் போட்டிருந்த அதே ரகச் சம்பங்கி.

பந்தி முடிந்து கூட்டம் குறைந்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. அத்தானை ஓரமாக அழைத்துப் போய் உண்மையைச் சொன்னேன். ரேடியோவில் அப்படி வரவில்லை, நானாகச் சொன்னேன், அணுவின் கல்யாணம் நிற்கக் கூடாது என்று சொன்னேன்.

அத்தான் பாக்கை மென்றுகொண்டே கேட்டார். பிறகு என் தோளில் தட்டினார்.

"இன்னா மச்சான், தன்னடக்கமா?"

"சத்தியமா அத்தான். வாயில் வந்ததைச் சொன்னேன்."

"வாயில ஏன் பசிபிக் வர்ல? ஏன் அட்லாண்டிக் வர்ல? கரெக்டா அந்தக் கடல் மட்டும் எப்படி வந்திச்சி?"

"தற்செயல்."

"சயின்ஸ்ல தற்செயல்னு ஒண்ணும் கெடயாது மச்சான். நீ அத்தினி நாளா நியூஸ் கேட்டுகினு இருந்தே. ஒனக்கே தெரியாம ஒன் மூளை உள்ளாற கணக்குப் போட்டுகினு இருந்திச்சி. அதுக்குப் பேரு சப்கான்ஷியஸ். அதுவும் விஞ்ஞானம்தான். அடுத்த ஞாயித்துக்கெழமை மன்றத்துல அதைப் பத்தி நீ பேசற."

பக்கத்தில் தாம்பூலப் பை வாங்க வந்த ஏகாம்பரம் காதில் இது விழுந்துவிட்டது. அவரிடமும் சொன்னேன். அவராவது கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ பொய் சொன்னே, சரி," என்றார். "குறிச்ச முகூர்த்தம் நடக்கணும்னு அந்தப் பொய்ய ஒன் வாயில வெச்சது யாரு? சொல்லு." விரலை மேலே காட்டினார். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் இருந்தது.

நான் சொன்ன பொய்யை இருவரும் உடனே நம்பினார்கள். உண்மையைச் சொன்னபோது இருவருமே நம்பவில்லை. தங்கள் தங்கள் அலமாரியில் அதற்கு ஓர் இடம் கண்டுபிடித்து, மடித்து வைத்துவிட்டார்கள். சண்டைக்காரர்கள் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு பீடா தேடிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டேன். தெருவே வந்து வழியனுப்பியது. இந்த வருடம் மழை எப்போது, ஏரி நிரம்புமா என்று துலுக்காணம் கேட்டார். தெரியாது என்றேன். "சொல்ல மாட்டேன்றாருபா, ரகசியம் போலகீது," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அக்கா மட்டும் அழுதாள். ரேடியோவை அவளிடம் கொடுத்து, பாட்டு மட்டும் கேள் என்றேன்.

விமானம் கடலுக்கு மேலே போனபோது ஒருமுறை நன்றாகக் குலுங்கியது. இறக்கைப் பக்கம் எதுவோ கடகடத்தது. நான் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு அது என்ன சத்தம் என்று கேட்டேன். இருபது வயதுகூட இருக்காது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒன்றுமில்லை சார், சாதாரணம்தான்," என்றாள்.

அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. நன்றி சொல்லி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, அவள் தட்டில் நீட்டிய மிட்டாயை இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.